லைன் பசை

செண்பகவல்லியின் வயிற்றுக்குள் போன் ஒட்டுகிற பசை இருந்தது. உடம்புக்கென்று தயாரித்த பசை இல்லை, போன் திரையைச் சட்டத்தோடு ஒட்டுவதற்கென்று தயாரித்தது. கல்லீரலுக்குப் பின்னால் ஓடுகிற பெரிய ரத்தக்குழாயில் சுண்டுவிரல் நீளத்துக்கு அது பிடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பிடியை நம்பித்தான் அவள் சில வருஷங்களாகச் சிரித்தாள், தலைக்கு எண்ணெய் வைத்தாள், சால்னா தண்ணியாக இருக்கிறது என்று ஹாஸ்டல் மெஸ்காரரிடம் மல்லுக்கு நின்றாள்.

கேட்டதும் டாக்டர் மேல்தான் உங்களுக்குக் கோபம் வரும். எனக்கும் முதலில் அப்படித்தான் வந்தது. பிறகு கம்பெனி மேல் வந்தது, சட்டம் போட்டவர்கள் மேல் வந்தது, கடைசியில் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் இன்னும் அலைந்துகொண்டிருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு யாராவது ஓர் ஆள் அகப்பட்டால் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரகடத்தைத் தாண்டிப் போனால் வரிசையாகத் தொழிற்சாலைகள். அதில் ஒன்று, பெயர் வேண்டாம், பசை கம்பெனி. ஒரே மதில்சுவருக்குள் இரண்டு கட்டடங்கள். முதல் கட்டடத்தில் போன்களை வரிசையாக ஓடவிட்டு ஒட்டி அனுப்புவார்கள், அதுதான் லைன். இரண்டாவதில் ஆஸ்பத்திரிகளுக்கான பசை தயாராகும். தையலுக்குப் பதிலாக அதை வைத்துக் கிழிந்த குடலை ஒட்டலாம், நுரையீரலை ஒட்டலாம், ரத்தக்குழாயை ஒட்டலாம். இரண்டு பசையும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் சிரிஞ்சில்தான் வரும். எதை வைத்து நீல விளக்கைக் காட்டினாலும் கண்மூடித் திறப்பதற்குள் கெட்டியாகிவிடும். பார்வைக்கு வித்தியாசம் கிடையாது.

முதல் கட்டடத்து லைனில் நிற்பவர்கள் எல்லாரும் பெண்கள். பாதிப் பேர் தெற்கத்திக்காரிகள். மரியபுஷ்பத்துக்குத் தூத்துக்குடிப் பக்கம், செண்பகவல்லிக்குக் கோவில்பட்டி. ஹாஸ்டலில் இருவருக்கும் ஒரே அறை. மூத்தவள் என்பதால் செண்பகத்துக்கு அவள் புஷ்பக்கா. கண்ணாடி ஓரம் பட்டு விரல் கிழிவது லைனில் தினப்படி சமாசாரம். கிழிந்தது என்று வாய் திறந்தால் லைனை நிறுத்த வேண்டும், முதலுதவி அறைக்குப் போக வேண்டும், சூப்பர்வைசரின் மூஞ்சியைப் பார்க்க வேண்டும். அதனால் பெண்களே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். மிஞ்சின பசையில் ஒரு சொட்டு, கழுத்து அட்டையோடு தொங்கும் சின்ன நீல விளக்கு, அவ்வளவுதான். விரல் மூடிக்கொள்ளும், லைன் நிற்காது. மற்ற பெண்கள் பையில் தலைவலித் தைலம் இருப்பது போல இவர்கள் ஒவ்வொருத்தி பையிலும் ஒரு மிச்ச சிரிஞ்சு இருக்கும்.

லைனில் இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த மெஷினாக இருந்தாலும் நிஜ வேலைக்கு முன்னால் ஒரு தடவை வெறுமனே ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு டம்மி என்று பெயர். சூப்பர்வைசர் மாஸ்க்குக்குள்ளிருந்து “ரெடியா?” என்பார். உடனே பட்டனை அழுத்தி டம்மி ஓட்டி, பச்சை விளக்கு வந்ததைப் பார்த்து, அதற்குப் பிறகுதான் “ரெடி” என்று பதில் சொல்ல வேண்டும். டம்மி ஓட்டாமல் “ரெடி” சொன்ன ஒருத்தியை அன்றைக்கே பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார்கள். புஷ்பத்துக்கு இந்தப் பழக்கம் எலும்பு வரை இறங்கியிருந்தது. அறையில் மிக்ஸியைக்கூட ஒரு தடவை காலியாக ஓட்டிவிட்டுத்தான் தேங்காயைப் போடுவாள்.

“டம்மி போட்டாச்சாக்கா? இனி அரைக்கலாமா?” என்று செண்பகம் கேலி செய்வாள்.

“சிரிட்டி, நல்லா சிரி. ஒருநா உன் மூஞ்சில சட்னி தெறிக்கும், அப்பம் தெரியும்.”

ஒரு நாள் காலையில் ஷிப்ட் முடிந்து திரும்பிய கம்பெனி பஸ், எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கப் போய்ப் பள்ளத்தில் கவிழ்ந்தது. பக்கத்தில் இருந்தது சின்ன ஆஸ்பத்திரி. அங்கே அறுவை சிகிச்சைக்கு டாக்டர் ஹபீபா ஒருவர்தான். அவரிடம் இருந்த மருத்துவப் பசை முதல் இரண்டு பேருக்கே தீர்ந்துபோனது. மூன்றாவதாக மேசைக்கு வந்தவள் செண்பகம். கிழிந்திருந்த இடம் அவசரத்துக்கு ஊசி நுழையாத இடுக்கு. ஹபீபா விரலை வைத்து ஓட்டையை அடைத்துக்கொண்டு நின்றார். கம்பெனியின் இரண்டாவது கட்டடத்திலிருந்து பசை எடுத்துவர ஆள் போயிருந்தார். ஸ்டோர் சாவியை வைத்திருப்பவர் இன்னும் வேலைக்கு வரவில்லை.

நெற்றியில் கட்டோடு வெளியே உட்கார்ந்திருந்த புஷ்பம், ஓடிவந்த நர்ஸை நிறுத்தி விஷயத்தைக் கேட்டாள். உடனே பையைத் திறந்தாள்.

“சிஸ்டர், இது அதே கம்பெனி பசைதான். இன்னும் மூடியே தொறக்கல. நாங்க வருசக்கணக்கா வெரல்ல போடுதோம், ஒருத்திக்கும் ஒண்ணும் ஆனதில்ல. டாக்டரம்மாட்ட குடுங்க சிஸ்டர், கும்பிடுதேன்.”

ஹபீபா அந்த சிரிஞ்சைப் பார்த்தார். அதே குழாய், அதே நீல விளக்கு. விரலை எடுத்தால் பெண் போய்விடுவாள், எடுக்காவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் போய்விடுவாள். பசையைப் போட்டார். அது பிடித்துக்கொண்டது.

செண்பகம் பிழைத்ததைக் கம்பெனி திருவிழாவாகக் கொண்டாடியது. அவளுக்குப் பட்டுப்புடவை கட்டிவிட்டு ஒரு விளம்பரப் படம் எடுத்தார்கள். ‘எங்கள் பசை என்னைக் காப்பாற்றியது’ என்று அவள் வெட்கத்தோடு சொல்வது வரவேற்பறைத் திரையில் நாளெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. எந்தக் கட்டடத்துப் பசை என்று படத்தில் யாரும் கேட்கவில்லை. தெரியாமல் இல்லை, கேட்டால் படம் கெட்டுவிடும். பாரம் தூக்கக் கூடாது என்பதால் அவளை வளாகத்தின் மறுகோடியில் பேக்கிங் கூடத்துக்கு மாற்றினார்கள். அந்த வருஷங்கள் நன்றாகவே போயின.

அப்புறம் சட்டம் வந்தது. குப்பையில் விழுகிற போன்களும் பேட்டரிகளும் ஊர் ஊருக்கு மலையாகக் குவிந்து எரிய ஆரம்பித்திருந்தன. இனி விற்கிற எந்தக் கருவியும் ஒரே நொடியில் பாகம் பாகமாகக் கழன்று வர வேண்டும் என்றார்கள். நல்ல சட்டம்தான். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, எனக்கு அதுதான் எரிச்சல். இப்படி ஒன்று வரும் என்பது கம்பெனிக்கு முன்பே தெரியும். அதனால் லைன் பசையில் பல வருஷங்களாகவே கண்ணுக்குத் தெரியாத ஒரு பொடியைக் கலந்து வந்தார்கள். ஒரு குறிப்பிட்ட அலை பட்டால் அந்தப் பொடி துள்ளும், பசை விட்டுவிடும். அலையை அனுப்புகிற பெட்டிக்குக் கம்பெனி வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. பெண்கள் அதைக் கழட்டி என்றார்கள்.

முதல் கழட்டியை லைனில் கொண்டுவந்து வைத்தபோது அதை ஓட்டப் பழக்கியது புஷ்பத்தைத்தான். சூப்பர்வைசர் “ரெடியா?” என்றார். புஷ்பம் டம்மிக்காகப் பட்டனை அழுத்தினாள். சத்தம் எதுவும் வரவில்லை, பல்லில் மட்டும் லேசான கூச்சம். பச்சை விளக்கு எரிந்தது. “ரெடி” என்று சொன்னவள், கையுறைக்குள் ஏதோ ஈரமாவதை உணர்ந்தாள். ஆள்காட்டி விரல் நுனி சிவந்துகொண்டே வந்தது. எப்போதோ கிழிந்து பசை போட்டு மூடிய இடம், இப்போதுதான் கிழிந்தது போலத் திறந்திருந்தது. பக்கத்தில் நின்றவள் “ஐயோ” என்றாள். அதற்கடுத்தவளும் கையை உதறினாள். லைன் நெடுக வெள்ளைக் கையுறைகளில் சிவப்பு பூத்தது.

“யாரும் போனைத் தொடாதீங்க! ரத்தம் பட்டா அவ்வளவும் ரிஜெக்ட்!” என்று சூப்பர்வைசர் கத்தினார்.

புஷ்பத்துக்கு விரல் ஞாபகமே இல்லை. செண்பகம் இருக்கும் திசையைப் பார்த்தாள். நடுவில் நீளமான முற்றமும் இரண்டு கூடங்களும் இருந்தன. லைனை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். பேக்கிங் கூடத்தில் செண்பகம் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டு யாரிடமோ வம்பளந்துகொண்டிருந்தாள். புஷ்பம் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்துதான் நின்றாள்.

“என்னக்கா? கையெல்லாம் ரத்தமா இருக்கு, என்னாச்சு?”

“ஒண்ணும் கேக்காத. ஆஸ்பத்திரிக்கு வா.”

டாக்டர் ஹபீபா ஸ்கேனைத் திரையில் போட்டுக் காட்டினார். சாம்பல் நிறத்துக்கு நடுவில் ஒரு வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிந்தது.

“மருத்துவப் பசை கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு போயிடும்மா,” என்றார். “அது கரையக் கரைய அந்த இடத்துல சதை வளந்து மூடிக்கும். லைன் பசை கரையாது. அது சதைக்கு இடமே விடல. வெட்டுப்பட்ட ரெண்டு ஓரமும் அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு. நடுவுல பசை மட்டும்தான் பிடிச்சுக்கிட்டிருக்கு.”

“அப்பம் எனக்கு இன்னும் புண்ணு ஆறவே இல்லையா டாக்டர்?” என்று செண்பகம் கேட்டாள். குரலில் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது.

“ஆறல.”

பசை ஆராய்ச்சிப் பிரிவில் பத்ரிநாத் என்று ஒருவர் இருந்தார். பொடி கலப்பது அவர் வேலை. கம்பெனியில் புஷ்பம் யாரிடம் போய் அழுதாலும் கதவைச் சாத்தினார்கள், அவர் மட்டும் ஹபீபாவின் அறைக்கு வந்து உட்கார்ந்தார். வந்தவர் நல்ல செய்தி எதுவும் கொண்டுவரவில்லை.

“மேலிடத்துல ஒரே வரிதான் சொல்றாங்க டாக்டர். தவறான பயன்பாடு, நிறுவனம் பொறுப்பில்லை. இன்னைக்கு வரவேற்பறையில பார்த்தேன், இந்தப் பொண்ணோட படத்தை எடுத்துட்டு ஏதோ அருவியைப் போட்டிருக்காங்க.”

“கழட்டியோட அலை எவ்வளவு தூரம் போகும்?”

“ஒரு கடையில ஓட்டினா ரெண்டு கடை தள்ளி வரைக்கும் போகும். மத்த போனுக்கு உலோகச் சட்டம் காப்பு, பெட்டிமேல வச்சது மட்டும்தான் கழலும், ஆனா உடம்புக்கு அந்தக் காப்பு இல்ல. சுவரெல்லாம் தடுக்காது. தை மாசத்துலேர்ந்து ஒவ்வொரு போன் கடையிலயும் ஒண்ணு கட்டாயம்.”

செண்பகம் மெல்லச் சொன்னாள். “எங்க வீட்டுக்கு எதுத்தாப்லயே போன் கடை சார். எங்க மாமா மவன் கடைதான், அவன்ட்ட வேண்டாம்னு சொல்லிருவேன். பஸ் ஸ்டாண்டுல இருக்கவன்ட்ட யாரு சொல்ல? ரயில்ல வாரவன்ட்ட யாரு சொல்ல?”

போன் கடை இல்லாத தெரு தமிழ்நாட்டில் எது என்று எல்லாரும் மனசுக்குள் தேடிக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

அன்றைக்குத் திரும்பும்போதே அந்தத் தேடலுக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆட்டோ ஒரகடம் சந்திப்புக்குள் திரும்பியது. மூலையில் புதிதாகத் திறந்த போன் கடை வாசலில் வாழைமரம் கட்டி, ‘கழட்டி வந்துவிட்டது’ என்பதை வேறு ஏதோ அழகான பெயரில் எழுதி வைத்திருந்தார்கள். தை மாசத்துக்குக் காத்திராத சுறுசுறுப்பான வியாபாரி. மேசைமேல் அதே சாம்பல் நிறப் பெட்டி. கடைக்காரர் ஒரு பழைய போனை அதன்மேல் வைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நிறுத்துங்க! பின்னாடி எடுங்க, பின்னாடி எடுங்க!” என்று புஷ்பம் அலறினாள்.

“பின்னாடி பஸ் நிக்குதும்மா. என்னம்மா ஆச்சு ஒனக்கு?”

புஷ்பம் செண்பகத்தை இறக்கி, வந்த வழியே இழுத்துக்கொண்டு ஓடினாள். சந்திப்பே வேடிக்கை பார்த்தது. மூச்சு வாங்க ஒரு மரத்தடியில் நின்றபோது செண்பகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வலித்து அழவில்லை, எதுவும் வலிக்காததால்தான் அழுதாள். எப்போது விடும் என்று ஒரு அறிகுறியும் இருக்காது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு அவள் ஹாஸ்டல் அறையை விட்டு வெளியே வரவில்லை. வேலைக்குப் போகவில்லை. தெருவில் வண்டி நின்றால் ஜன்னலைச் சாத்தினாள். அம்மா போனில் கூப்பிட்டால் ஷிப்ட் மாறிவிட்டது என்று பொய் சொன்னாள். மெஸ்ஸிலிருந்து தட்டை அறைக்கே கொண்டுவந்து கொடுத்த மெஸ்காரர், சால்னாவைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லாததைப் பார்த்துவிட்டு, “பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லியாம்மா?” என்று புஷ்பத்திடம் கேட்டார்.

ஹபீபா கடைசியில் ஒரு வழி சொன்னார். பசையை வெட்டி எடுக்க முடியாது, அது குழாயைவிடக் கெட்டி, இழுத்தால் குழாய் கிழியும். ஆனால் கழட்டி ஓட்டினால் அது தானாகவே விட்டுவிடும். வயிற்றை நன்றாகத் திறந்து, கல்லீரலை ஒதுக்கி, குழாயின் மேலேயும் கீழேயும் கிளிப் போட்டு ரத்தத்தை அடைக்க வேண்டும். அடைத்த பிறகு கழட்டியை ஓட்ட வேண்டும். பசை விட்டதும் நிதானமாகத் தைத்துவிடலாம்.

“கிளிப் போட்டப்புறம் ஓட்டினா பிழைச்சுக்குவா. அதுக்கு முன்னாடி ஓட்டிட்டா ஒண்ணும் செய்ய முடியாது,” என்றார்.

கம்பெனி ஆட்கள் யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். சோதனைக்கு என்று சொல்லி ஒரு கழட்டியைத் தன் காரில் கொண்டுவருவதாகப் பத்ரிநாத் ஒப்புக்கொண்டார். சொன்ன நொடியில் அதை ஓட்டுகிற கைப்பழக்கம் அவருக்கு இல்லை. பழகியவள் புஷ்பம்.

“நான் ஓட்ட மாட்டேன்ட்டி,” என்று அறையில் வைத்து புஷ்பம் சொன்னாள். “வேற யாரையாவது வைப்பாவ.”

“நீ ஓட்டினாத்தான் நான் படுப்பேன்.”

“நாந்தானட்டி அந்தப் பசையக் குடுத்தேன். பெரிய இவ மாதிரி, ஒண்ணும் ஆவாது சிஸ்டர்னு சொன்னேன்.”

“நீ குடுக்கலேன்னா அன்னைக்கே போயிருப்பேம்லா? எனக்கு லாபந்தான்க்கா.” செண்பகம் அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். “ஆனா எனக்குச் சாவப் பிடிக்கல. அதை மட்டும் யார்ட்டயும் சொல்ல முடியல. உன்ட்ட சொல்லுதேன்.”

புஷ்பம் அவள் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள். கிழிந்த விரல் மறுபடி உறுத்தியதால், வேறு எதுவும் கையில் கிடைக்காமல், பையிலிருந்த லைன் பசையையே ஒரு சொட்டு வைத்து மூடிக்கொண்டாள். இத்தனைக்குப் பிறகுமா என்று நீங்கள் கேட்கலாம். கை அதைத்தான் அறிந்திருந்தது.

அறுவை சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் மற்ற வேலைகளையெல்லாம் நிறுத்தி வைத்திருந்தார்கள். பத்ரிநாத் கழட்டியை இறக்கிவைத்துவிட்டுப் புஷ்பத்தைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நேத்தே எங்க வீட்டு மொட்டைமாடியில ஓட்டிப் பார்த்துட்டேன், நல்லா இருக்கு. நீ இங்க டம்மி ஓட்டவே கூடாது. சூடேற நேரமாகும், அதனால சுவிட்சை முன்கூட்டியே போட்டு வச்சுடணும். டாக்டர் ‘ஓட்டு’ன்னு சொல்வாங்க. அப்ப ஒரே தடவை.”

“தெரியும் சார். அவ்வளவு கூறு கெட்டவளா நானு?”

செண்பகத்தைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். கொலுசைக் கழற்றி வாங்கியிருந்ததால் கால் வெறிச்சென்று இருந்தது. புஷ்பத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பழைய குறும்பு கொஞ்சம் திரும்பி வந்தது.

“என்னக்கா, டம்மி போட்டாச்சா? நீ அது இல்லாம சட்னிகூட அரைக்க மாட்டியே.”

“உனக்கு மட்டும் டம்மி கெடையாதுட்டி. நேரா நெசந்தான்.”

செண்பகம் சிரித்தாள். மயக்க மருந்து ஏறும்வரை புஷ்பத்தின் சுண்டுவிரலைப் பிடித்திருந்தாள்.

அறுவை அறை எப்படி இருந்தது என்று பிறகு கேட்டபோது புஷ்பம் ஒன்றுதான் சொன்னாள், அது நம்ம லைன் மாதிரியே இருந்தது என்று. தலைக்கு அதே வலைத்தொப்பி, முகத்துக்கு அதே மாஸ்க், காலுக்கு அதே துணியுறை. அதே குளிர், நிழல் விழாத அதே வெளிச்சம், நிற்காமல் ஓடும் காற்றின் அதே இரைச்சல். ஆட்களின் கண்கள் மட்டும் தெரிந்தன. அவளை ஒரு மூலையில் கழட்டிக்கு முன்னால் நிறுத்தினார்கள். துணித் திரைக்கு அப்பால் ஹபீபா குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. லைனில் நிற்பவளுக்கு நிற்பது பழக்கம். உடம்பு தானாகவே அந்த நிலைக்குப் போய்விடும், முதுகு நேராகும், வலது கை பட்டனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், மனசு எங்கேயாவது ஊர் சுற்றும். அவள் மனசு செண்பகத்தின் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டு, குணமானதும் அந்தக் கொலுசுக்கு இன்னும் இரண்டு சலங்கை வைத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

ஹபீபா கல்லீரலை ஒதுக்கிவிட்டார். குழாய் தெரிந்தது. நர்ஸ் முதல் கிளிப்பை அவர் கையில் கொடுத்தார். கிளிப் போட்டதும் ரத்த அழுத்தம் இறங்கும். அதைச் சமாளிக்க வேண்டியவர் தலைமாட்டில் நிற்கும் மயக்க டாக்டர். ஹபீபா நிமிராமலே அவரிடம் கேட்டார்.

“ரெடியா?”

மாஸ்க்குக்குள்ளிருந்து வந்த குரல். புஷ்பத்தின் கை பட்டனை அழுத்தியது. பல்லில் லேசாகக் கூச்சம். பச்சை விளக்கு எரிந்தது.

“ரெடி” என்றாள் புஷ்பம்.

சொல்லி முடித்த பிறகுதான் கையுறைக்குள் ஈரத்தை உணர்ந்தாள். ஆள்காட்டி விரல் திறந்திருந்தது. மேசைப் பக்கத்திலிருந்து இன்னும் ஒரு சத்தமும் வரவில்லை. அந்த அறையில் நடந்தது என்னவென்று முதலில் தெரிந்துகொண்டவள் அவள்தான். பிறகுதான் ஹபீபா கத்தினார், தட்டு ஒன்று கீழே விழுந்தது, யாரோ ஓடினார்கள், ரத்தப் பைகளைக் கொண்டுவாருங்கள் என்று யாரோ சொன்னார்கள். பிறகு அப்படிச் சொல்வதையும் நிறுத்திவிட்டார்கள்.

ஹபீபா வெளியே வந்து புஷ்பத்தின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“நான் மயக்க டாக்டரைக் கேட்டேம்மா. அந்த வார்த்தையை நான் சொல்லியே இருக்கக் கூடாது.”

“கிளிப் போட இன்னும் எவ்வளவு நேரம் ஆயிருக்கும் டாக்டர்?” என்று புஷ்பம் கேட்டாள்.

ஹபீபா தன் விரல்களைப் பார்த்தார். அவள் பட்டனை அழுத்தியபோது கிளிப் அவற்றுக்கு நடுவில்தான் இருந்தது.

பத்ரிநாத் கழட்டியைக் காருக்குக் கொண்டுபோக வந்தார். அவர் முகம் பேயறைந்தது போல இருந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. “உன் மேல தப்பில்லைம்மா. லைன்ல இதைத்தானே அடிச்சு அடிச்சுச் சொல்லிக் கொடுத்தோம்,” என்றார். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார். அதைவிடக் கொடுமையான ஒன்றை யாரும் அவளிடம் சொல்லியிருக்க முடியாது.

கோவில்பட்டிக்கு உடம்போடு புஷ்பமும் போனாள். செண்பகத்தின் அம்மாவிடம், ஆபரேஷனில் போய்விட்டாள் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். அந்த அம்மா அழுது ஓய்ந்த பிறகு புஷ்பத்தின் கையைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“பஸ்ஸு கவுந்தன்னைக்கு நீதான தாயி எம்பிள்ளையக் காப்பாத்துன. கடேசி வரைக்கும் நீதான கூட நின்ன. நீ நல்லாருக்கணும்.” சொல்லிவிட்டு அந்தக் கையை முகத்தில் ஒற்றிக்கொண்டாள், கட்டுப் போட்ட விரலோடு சேர்த்து. புஷ்பம் கையை இழுத்துக்கொள்ளவில்லை. உண்மையைச் சொல்லவும் இல்லை. சொன்னால் அவளுக்குப் பாரம் இறங்கும், அந்த அம்மாவுக்கு என்ன மிஞ்சும்?

தை பிறந்தது. எல்லாப் போன் கடைகளுக்கும் கழட்டி வந்துவிட்டது. ஒரு நொடியில் போன் கழன்று விழுவதைச் சின்னப் பிள்ளைகள் கைதட்டிப் பார்க்கிறார்கள். குப்பை மலைகள் உண்மையாகவே குறைந்துவருகின்றன. செண்பகத்தின் மாமா மகன் கடையிலும் ஒன்று இருக்கிறது. அவள் கேட்டுக்கொண்டபடி அவன் அதை ஓட்டாமல் துணி போட்டு மூடியே வைத்திருக்கிறான், அவள் போன பிறகு யாருக்காக என்று அவனுக்கே தெரியாது.

புஷ்பம் வேலையை விடுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். விடவில்லை. லைனில் கழட்டிக்கு இன்றும் அவள்தான். புதிதாகச் சேரும் பெண்களுக்கு அவளைத்தான் காட்டுகிறார்கள், ஒரு நாளும் டம்மியை மறக்காதவள் என்று. விரல் கிழிந்தால் ஒட்டிக்கொள்ளக் கம்பெனியே இப்போது நல்ல பிளாஸ்திரி தருகிறது. மற்றப் பெண்கள் அதைத்தான் ஒட்டிக்கொள்கிறார்கள். புஷ்பம் மட்டும் தினமும் சாயங்காலம் அறைக்குத் திரும்பியதும், ஆள்காட்டி விரலில் ஒரு சொட்டு லைன் பசை வைத்து நீல விளக்கைக் காட்டுகிறாள். விரல் மூடிக்கொள்கிறது.

காலையில் சூப்பர்வைசர் மாஸ்க்குக்குள்ளிருந்து “ரெடியா?” என்கிறார். அவள் பட்டனை அழுத்துகிறாள். பச்சை விளக்கு எரிகிறது, கையுறைக்குள் ஈரமாகிறது.

“ரெடி” என்கிறாள்.